தலைப்பாகைக்குள் மல்லிகைப்பூ

டிசம்பர் 2, திங்கள்

ஆர்டர் வந்துருச்சு! தாழைக்கரை இனிமே மாநகரக் காவல். தை மாசம் கமிஷனர் ஆபீஸ் திறப்பு விழா.

எஸ்.பி. ஆபீஸ் நோட்டீஸ் போர்டு முன்னால ஆயுதப்படை மொத்தமும் முண்டியடிச்சு நின்னு வாசிச்சுது. நான் ரெண்டு தடவை வாசிச்சேன். பெருமையா இருக்காதா பின்னே? இந்த ஊர்ப் போலீஸ் எங்கே ஆரம்பிச்சது தெரியுமா? உப்புக் கிடங்கு வாசல்ல, சிவப்புத் தலைப்பாகை கட்டின நாலு சேவகரும் அவங்களுக்கு மேல ஒரு ஜமேதாரும். படுக்க ஒரு ஓலைக் கொட்டகை. அப்புறம் ஸ்டேஷனுக்குத் துறைமுகக் கச்சேரின்னு ஒரு ஓட்டுக் கட்டடம் வந்துச்சு. மில்லு வந்ததும் மில் கேட் ஸ்டேஷன் வந்துச்சு. ரோட்டுக்கு நடுவுல குடை வெச்சு ஒருத்தரை நிறுத்தினாங்க, அதுதான் டிராபிக். பெண் போலீஸ் வந்தாங்க, வயர்லெஸ் வந்துச்சு. இப்போ கமிஷனரே வர்றாரு. அவருக்குக் கீழ ரெண்டு துணை கமிஷனர், சட்டம் ஒழுங்குக்கு ஒருத்தர், குற்றத்துக்கும் போக்குவரத்துக்கும் ஒருத்தர். உளவு தனி, கட்டுப்பாட்டு அறை தனி, ஆயுதப்படை தனி. அந்த ஆயுதப்படைக்குள்ள ஓரமா, குதிரை லாயமா இருந்த பழைய ஷெட்டுல, நாங்க. துப்பறியும் நாய்ப் பிரிவு.

மாவட்டத்துலயே இருக்கீங்களா, மாநகரத்துக்கு வர்றீங்களான்னு ஆளாளுக்கு விருப்பம் எழுதிக் கேட்டாங்க. மத்தவன் எல்லாம் பொண்டாட்டியைக் கேக்கணும், சோசியரைக் கேக்கணும்னு இழுத்துக்கிட்டு நின்னான். முதல் ஆளா நான் எழுதிக் குடுத்தேன். 'மாநகரம். தவசிமணி, தலைமைக் காவலர்.' கையெழுத்து கொஞ்சம் பெருசாவே போட்டேன்.

வீட்டுல வந்து என் பொண்டாட்டி ஆவுடைகிட்ட சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "அந்தக் கமிஷனர் வந்தா நம்ம குவார்ட்டர்ஸ் பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் வருமா?"ன்னு கேட்டா. இவகிட்டப் போய்ச் சரித்திரம் பேசினேன் பாரு.

நான் பாக்குற நாய் நீலாவுக்குத் தினமும் ஒரு டைரி எழுதி ஆபீசுக்கு அனுப்பணும். எவ்வளவு தின்னுச்சு, எடை என்ன, வயித்துப் போக்கு உண்டான்னு. இது அது இல்லை. இது என் டைரி, எந்த ஆபீசுக்கும் போகாது.

டிசம்பர் 9, திங்கள்

அண்ணன் தம்பி சொத்துப் பிரிக்கிறது தோத்துச்சு போங்க. மாவட்டம் ஒரு பக்கம், மாநகரம் ஒரு பக்கம். மாவட்டத் தலைமையிடம் இனிமே கயல்பட்டிக்குப் போகுது, பஸ்ஸுல ரெண்டு மணி நேரம். அதனால ஜீப்பைப் பிரிக்கிறாங்க, லத்தியைப் பிரிக்கிறாங்க, கலவரக் கேடயத்தைப் பிரிக்கிறாங்க. சீலிங் பேனைக் கூடக் கழட்டுறாங்க. பேண்டு வாத்தியக் குழுவுல இருக்கிறதே ஒரு பெரிய டிரம்முதான். டிரம்மு மாவட்டத்துக்கு, அடிக்கிற குச்சி மாநகரத்துக்குன்னு லிஸ்ட்டுல வந்துருக்கு. பேண்டு ஏட்டு தலையில அடிச்சுக்கிட்டுப் போறாரு.

நீலாவுக்குக் காலையில நகம் வெட்டினேன். வலது முன்னங்கால் கட்டை நகம் கொஞ்சம் பிளந்துருக்கு, மஞ்சள் வெச்சேன். ஓட்டம் நல்லா இருக்கு.

டிசம்பர் 12, வியாழன்

நாய் லிஸ்ட் வந்துச்சு. நீலா மாவட்டத்துக்கு.

டிசம்பர் 13, வெள்ளி

நேத்து மேல எழுத முடியலை. வேலை ஜாஸ்தி.

விஷயம் இதுதான். நான் மாநகரம். நீலா மாவட்டம். ஆளுக்கு விருப்பம் கேட்டாங்க, நாய்க்கு யாரும் கேக்கலை. ஜீப்பு, டிரம்மு மாதிரி அதுவும் சொத்து. யார் சாமானோ அவங்களோட போகும். என் மரமண்டைக்கு இது ஏன் அன்னைக்கே உறைக்கலை? நான் போற இடத்துக்கு நீலா வரும்னு நெனச்சுட்டேன். நெனைக்கக் கூட இல்லை, அதுல நெனைக்க என்ன இருக்குன்னு இருந்துட்டேன். பெருசா கையெழுத்து போட்டேன்ல, நல்லா வேணும்.

விருப்பத்தை மாத்தித் தரலாமான்னு இன்ஸ்பெக்டர் ஃபெர்னாண்டோ ஐயாகிட்டக் கேட்டேன். எங்க ஆயுதப்படைக்கு அவர்தான். "ஏட்டையா, ஒரு தடவை எழுதினா எழுதினதுதான். நீங்களே முத ஆளா எழுதிக் குடுத்தீங்க"ன்னாரு.

நாய் டிபார்ட்மெண்ட் சொத்து. நான் டிபார்ட்மெண்ட் ஆள். அவ்வளவுதான் விஷயம். இதுல வருத்தப்பட ஒண்ணும் இல்லை.

ஆவுடை மீன் கொழம்பு வெச்சிருந்தா. பசி இல்லை.

டிசம்பர் 16, திங்கள்

என்னைச் செருப்பால அடிக்கணும்.

புதுக் கமிஷனர் ஐயா ஆயுதப்படை மைதானத்தைப் பாக்க வந்தாரு. நாங்க வரிசையா நின்னோம். ஒவ்வொருத்தர் முன்னாலயும் நின்னு பேரைக் கேட்டாரு, "ஏதாவது குறை இருக்கா?"ன்னு கேட்டாரு. நல்ல மனுஷன். கண்ணைப் பாத்துத்தான் கேட்டாரு. நேத்து முழுக்க நான் மனசுக்குள்ள சொல்லிப் பாத்து வெச்சிருந்தேன், 'ஐயா, நீலான்னு ஒரு நாய், ஏழு வருஷமா நான்தான் பாக்கேன், அதை மாநகரத்துக்கு மாத்திக் குடுத்தா நல்லாருக்கும்'னு. ரெண்டே வரி.

என் முன்னால வந்தாரு. கேட்டாரு. நான் விறைப்பா நின்னு, "இல்லைங்க ஐயா!"ன்னு கத்தினேன்.

இருபத்தேழு வருஷப் பழக்கம். மேலதிகாரி வரிசையில நிறுத்திக் குறை இருக்கான்னு கேட்டா, நம்ம வாயி நம்மளைக் கேக்காம அதுவா சொல்லும். போலீஸ்காரன் எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவான். அவரு அடுத்த ஆளுகிட்டப் போயிட்டாரு.

ஆவுடைகிட்டச் சொன்னதும், "ஊர்ல உள்ள கள்ளனை எல்லாம் அதட்டத் தெரியுது, உங்களுக்கு ஒண்ணு கேக்கத் தெரியலையே"ன்னு ஏசிட்டா. அப்புறம் அவளே, "சரி விடுங்க. நாய்தானே"ன்னா. ஆமா, நாய்தான்.

டிசம்பர் 19, வியாழன்

நீலாவை எடுத்துக்க வந்தது யாருன்னா, கொம்பையா! என் கூடவே பயிற்சிப் பள்ளியில சேந்தவன். மாவட்டத்துலயே இருக்கேன்னு எழுதிக் குடுத்தவன். ஆளுக்கு முன்னால தொப்பை வரும், அதுக்கு முன்னால ஜவ்வாது வாசம் வரும். தலைக்கு எண்ணெய், கழுத்துக்கு பவுடர், காதுல ஜவ்வாது. மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவன் மாதிரி நாய் ஷெட்டுல வந்து நிக்கான்.

"என்னவே தவசி, மாநகரத்து ஏட்டையா! எங்க கிராமத்துப் போலீஸ் எல்லாம் கண்ணுக்குத் தெரியுதா?"

"முதல்ல அந்த ஜவ்வாதைக் கழுவிட்டு வா. மோப்ப நாய்கிட்ட வர்ற லெட்சணமா இது?"

நான் ஏழு வருஷமா வாசனை சோப்பு தொட்டதில்லை. ஆவுடை தலையில பூ வெச்சதில்லை. நம்ம மேல வேற வாசம் இருந்தா நாய்க்குக் குழப்பம்னு நான் சொன்னேன். அப்படி ரூல் ஒண்ணும் கிடையாதுன்னு நாய் டாக்டரே சொன்னாரு. ஆனா நான் விடலை. "கட்டின புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில பூ வைக்காம இருக்கிறவ இந்த ஊர்லயே நான் ஒருத்திதான்"னு வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக் காட்டுவா.

டிசம்பர் 23, திங்கள்

நாய் கைமாத்துறதுக்கு எங்க பிரிவுல ஒரு முறை உண்டு. சோறு வைக்கிற கை மாறணும். பழைய ஆளு கிட்டக்கப் போகக் கூடாது, பேரைச் சொல்லக் கூடாது, தடவக் கூடாது. தூரத்துல நின்னு புது ஆளுக்குச் சொல்லிக் குடுக்கலாம். புது ஆளு கையால தின்னு, அவன் சொல்லுக்கு உக்காந்து எந்திரிச்சு, அவன் பின்னால ஓடிட்டா நாய் மாறிட்டுன்னு அர்த்தம்.

மூணு நாளா நீலா கொம்பையா வெச்ச சோத்தைத் தொடலை. தட்டுக்கு முன்னால படுத்துக்கிட்டு ஷெட் வாசலையே பாக்குது. நான் தண்ணித் தொட்டிக்குப் பின்னால நின்னேன். சும்மா, தொட்டி நிறைஞ்சிருக்கான்னு பாக்கப் போனேன்.

கொம்பையா கறியைக் கையில எடுத்து நீட்டிக்கிட்டே உக்காந்திருந்தான். வெயில்ல ரொம்ப நேரம். அவன் கால் மரத்துப் போயிருக்கும், அந்தத் தொப்பையோட.

டிசம்பர் 28, சனி

இன்னைக்கு அவன் கையால சாப்பிட்டுச்சு. நல்லது. ரொம்ப நல்லது.

ஜனவரி 4, சனி

திறப்பு விழாவுக்கு இன்ஸ்பெக்டர் ஐயா ஒரு திட்டம் போட்டிருக்காரு. கேட்டதும் எனக்கே புல்லரிச்சுப் போச்சு. 'சரித்திர வரிசை'! உப்புக் கிடங்குச் சேவகர்ல இருந்து இன்னைக்குக் கட்டுப்பாட்டு அறைப் பொண்ணு வரைக்கும், அந்தந்தக் காலத்து உடுப்புல போலீஸ்காரங்க மேடைக்கு முன்னால வரிசையா நிக்கணும். கூம்புத் தொப்பி, அரை டவுசர், டிராபிக் குடை, காக்கிச் சேலை கட்டின முதல் பெண் போலீஸ், எல்லாம் உண்டு. அப்போ கமிஷனரோட கைத்தடி காணாமப் போயிரும். நாய்ப் பிரிவு வந்து மோப்பம் பிடிச்சு, வரிசையில இருந்து திருடனைக் கண்டுபிடிக்கணும். திருடன் டிராபிக் குடை ஆளு. கைத்தடி குடைக்குள்ள.

முதல் ஆளா, சிவப்புத் தலைப்பாகையோட, ஊரோட முதல் போலீஸ்காரனா நிக்கப் போறது யாரு? நான்! மீசைக்காக என்னையே போட்டாங்க. உடுப்பு நாடகக் கம்பெனியில வாடகைக்கு எடுத்தது. ரசகற்பூர வாசம் குடலைப் புரட்டுது. போட்டுக்கிட்டுக் கண்ணாடியில பாத்தேன், சும்மா சொல்லக் கூடாது, ஜமேதார் தோத்தான்.

மோப்பம் பிடிக்க வர்றது நீலாவாம். மாநகரத்துக்கு வந்த நாய்கள் எல்லாம் சின்னது, கூட்டத்துல மிரளும். அதனால மாவட்டத்துகிட்ட நீலாவைக் கடன் கேட்டு வாங்கிருக்காங்க. கொம்பையா கூட்டிட்டு வருவான். விழா முடிஞ்சதும் கயல்பட்டிக்கு வண்டி.

ஜனவரி 8, புதன்

முதல் ஒத்திகை. நடந்ததை அப்படியே எழுதுறேன்.

கொம்பையா திருடனோட கைக்குட்டையை நீலாவுக்குக் காட்டினான். சங்கிலியை விட்டான். அவ வரிசையைப் பாத்து வந்தா. முதல் ஆளு நான். நான் நேராப் பாத்துக்கிட்டு நிக்கேன். என் முன்னால வந்து உக்காந்தா. ரெண்டு தடவை குரைச்சா. 'இவன்தான் ஆளு'ன்னு அர்த்தம். அப்புறம் முன்னங்காலைத் தூக்கி என் முட்டி மேல வெச்சா.

வரிசையில எல்லாரும் சிரிச்சுட்டாங்க. "சேவகர்தான் திருடனா? அந்தக் காலத்துலயே ஆரம்பிச்சுட்டாங்களா?"ன்னு அரை டவுசர்க்காரன் கேட்டான். இன்ஸ்பெக்டர் ஐயா சிரிக்கலை. நாய் டாக்டரும் சிரிக்கலை.

என்னை வரிசையில இருந்து எடுத்துருங்கன்னு கேட்டேன். "அமைச்சர் வர்ற விழா, பேரெல்லாம் அச்சாகிப் போச்சு. நாய் சரியாப் பண்ணணும் ஏட்டையா, நீங்க மாற வேண்டியதில்லை"ன்னுட்டாரு. அதுவும் நியாயம்தானே. ஒரு ஆளு நிக்கான்னு தடம் மாறுற நாய் என்ன நாய்?

ஜனவரி 9, வியாழன்

டாக்டரும் இன்ஸ்பெக்டர் ஐயாவும் பேசி முடிவு சொல்லிட்டாங்க. விழா அன்னைக்கும் நீலா என் முன்னால உக்காந்தா, கைமாறாத நாய்னு எழுதி வேலைக்கு லாயக்கில்லைன்னு ஓய்வு குடுத்துருவாங்க. ஓய்வு குடுத்த நாயைப் பழைய ஏட்டு கேட்டா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்.

மத்தியானம் கொம்பையா வேப்பமரத்தடியில வந்து பக்கத்துல உக்காந்தான். அவன்கிட்ட ஜவ்வாது வாசமே இல்லை. எண்ணெய் கூட வெக்கலை போல, தலை பறட்டையாக் கிடந்துச்சு.

"வேய், ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதேரும்"ன்னான். "நீர் ஒண்ணுமே செய்ய வேண்டாம். சும்மா நில்லும். அவ தானா வந்து உம்ம முன்னால உக்காருவா. டாக்டர் கையெழுத்து போட்டுருவாரு. சாயங்காலம் சங்கிலியைப் பிடிச்சுக்கிட்டு வீட்டுக்கு நடந்துரும். யாருக்கும் நட்டம் இல்லை."

"உனக்கு?"

"எனக்கு என்னவே, கயல்பட்டியில வேற நாய் குடுப்பாங்க. இது என் கையில தின்னுது, ஆனா கண்ணு உம்ம மேல கிடக்கு. நான் பாக்கேன்ல தினமும்."

அவன் என்னைக் கேலி பண்ணத்தான் வந்தான்னு நெனச்சேன். இல்லை போல.

ஜனவரி 12, ஞாயிறு

லீவு. காய்கறி வாங்கிட்டு வந்தேன். முருங்கைக்காய் விலை கேக்கவே பயமா இருக்கு.

கொம்பையா சொன்னதை ஆவுடைகிட்டப் பேச்சுவாக்குல சொன்னேன். அவ அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தா. சாயங்காலம் பின்வாசல் பக்கம் போனேன். கதவோரம் ரெண்டு சாக்கை மடிச்சு, மேல என் பழைய போர்வையை விரிச்சுப் போட்டிருக்கா. பக்கத்துல ஒரு ஈயப் போணி, விளக்கி வெச்சது.

ஏழு வருஷமா அந்த நாயைச் 'சக்களத்தி'ன்னு சொன்னவ.

நான் பாத்தேன்னு அவளுக்குத் தெரியும்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பந்தோபஸ்து டூட்டி, கடற்கரையில கூட்டம்னா கூட்டம். நின்னு நின்னு கால் வலி.

நின்னுக்கிட்டே யோசிச்சேன். நீலா வீட்டுக்கு வந்துட்டா எப்படி இருக்கும்? காலையில கூட்டிட்டுப் போகலாம். ஆவுடை சோறு வைப்பா. பேப்பர்ல என்ன இருக்கும்? 'லாயக்கில்லை'ன்னு இருக்கும். நீலாவுக்கா! உப்பளத்துக் கொலையில எல்லாரும் மழையில தடம் அழிஞ்சு போச்சுன்னு கையை விரிச்சப்போ, முட்டளவு சேத்துல இறங்கிப் போய் ஆளைக் காட்டினவ. மாநிலப் போட்டியில பதக்கம் வாங்கினவ. என் வீட்டுல எனக்கு ஒரு பதக்கம் கிடையாது, அவளோடதுதான் சுவத்துல தொங்குது. அவ ஊரைக் கூட்டி வெச்சு, அமைச்சர் முன்னால தோத்து, சிரிப்பாச் சிரிச்சு, என்கூட வீட்டுக்கு வரணுமா? ஓய்வு ஒரு நாள் வரும், எல்லாருக்கும் வரும். ஆனா அவ தலை நிமிந்து போகணும்.

எனக்கு அவ வேணும். மறைக்க என்ன இருக்கு, இது என் டைரிதானே. வேணும். ஆனா இப்படி வேண்டாம்.

ஜனவரி 17, வெள்ளி

ரெண்டாவது ஒத்திகை. எனக்கு வயித்து வலின்னு சொல்லிட்டுப் போகலை. வேற ஆளு தலைப்பாகை கட்டி நின்னான். நீலா நேரா டிராபிக் குடையில போய் நின்னுச்சாம். கொம்பையா ஆளனுப்பிச் சொன்னான்.

வயித்து வலி எல்லாம் ஒண்ணுமில்லை.

ஜனவரி 20, திங்கள்

எழுதுறதுக்கு நெறைய இருக்கு. வரிசையா வர்றேன்.

காலையில குளிக்கப் போறப்போ ஆவுடைகிட்ட, "வாசனை சோப்பு இருந்தா குடு"ன்னேன். அவ என்னைப் பாத்தா. பக்கத்து வீட்டுல போய் ஒண்ணு வாங்கிட்டு வந்தா. மூணு தடவை போட்டுக் குளிச்சேன். கழுத்து, மார்பு, கை எல்லாம் பவுடரைக் கொட்டினேன். கொம்பையாகிட்ட நேத்தே ஜவ்வாது டப்பாவைக் கேட்டு வாங்கி வெச்சிருந்தேன், அதையும் அப்பினேன். எனக்கே தும்மல் வந்துச்சு.

"மல்லிப்பூ கிடைக்குமா?"ன்னேன்.

ஆவுடைக்குப் புரிஞ்சு போச்சு. பின்வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பாத்தா. அப்புறம் பையை எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போய் முழக்கணக்குல வாங்கிட்டு வந்து, அவளே தலைப்பாகையைப் பிரிச்சு, உள்மடிப்புல வெச்சுச் சுத்திக் கட்டினா.

"ஏழு வருஷங் கழிச்சுப் பூ வாங்கிருக்கேன். அதுவும் உங்க தலைக்கு"ன்னா. சிரிக்கப் பாத்தா, முடியலை.

மைதானம் ஜேஜேன்னு இருந்துச்சு. பேண்டு முழங்குச்சு, குச்சியும் டிரம்மும் இன்னைக்கு ஒரு நாளைக்கு ஒண்ணு சேந்துருந்துச்சு. 'தாழைக்கரை மாநகரக் காவல்'னு கல்வெட்டைத் திறந்தாங்க. சரித்திர வரிசை நடந்து வந்து மேடைக்கு முன்னால நின்னுச்சு. முதல் ஆளு நான். உப்புக் கிடங்குச் சேவகன். எனக்குப் பின்னால இந்த ஊர்ப் போலீஸ் மொத்தமும் காலவரிசைப்படி நிக்குதுன்னு நெனச்சேன், நெஞ்சு விம்மிருச்சு. பிள்ளைங்க எல்லாம் தலைப்பாகையைக் காட்டிக் கை தட்டுச்சு.

கைத்தடி காணோம்னு அறிவிச்சாங்க. கொம்பையா நீலாவைக் கூட்டிட்டு வந்தான். இன்னைக்குத் தேச்சுக் குளிப்பாட்டிருக்கான், உடம்பு பளபளன்னு இருந்துச்சு. நான் கூட அப்படிப் பண்ணினதில்லை. கைக்குட்டையைக் காட்டி, சங்கிலியை விட்டான்.

வந்தா. மூக்கைத் தரையில வெச்சு, அவசரப்படாம வந்தா. நேரா என்கிட்டதான் வந்தா.

நின்னுட்டா.

இங்க ஒரு உண்மையை எழுதணும். சோப்பு, பவுடர், ஜவ்வாது, ரசகற்பூரம், மல்லிப்பூ, இதெல்லாம் நீலாகிட்ட எடுபடாது. அது எனக்கு நல்லாத் தெரியும். சேத்துலயும் டீசல்லயும் ஆளைப் பிரிச்சுப் பாத்தவளுக்கு நானா தெரிய மாட்டேன்? ஆனாலும் ஏதாவது செய்யாம என்னால அங்க போய் நிக்க முடியலை, அவ்வளவுதான்.

அவ முகத்தைத் தூக்கினா. என் வலது கை தொடையோட ஒட்டி விறைப்பா இருந்துச்சு. விரல் நுனியில அவ மூக்கு பட்டுச்சு, ஈரமா. மூச்சு சூடா வந்துச்சு. நான் அசையலை. கண்ணை மேடையில இருந்து எடுக்கலை. மனசுக்குள்ள மட்டும், போம்மா, போ தாயி, வேலையைப் பாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். வாய் திறந்து சொன்னா அவ கெட்டா.

வாலை ரெண்டு தடவை ஆட்டினா. சின்னதா, பக்கத்துல நின்ன கூம்புத் தொப்பிக்காரனுக்குக் கூடத் தெரிஞ்சிருக்காது. அப்புறம் மூக்கைத் தரையில வெச்சா. என்னைத் தாண்டிப் போனா. கூம்புத் தொப்பியைத் தாண்டி, அரை டவுசரைத் தாண்டி, காக்கிச் சேலையைத் தாண்டிப் போய், டிராபிக் குடைக்கு முன்னால உக்காந்து ரெண்டு தடவை குரைச்சா. குடையை விரிச்சாங்க, கைத்தடி விழுந்துச்சு. மைதானமே எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சு.

அவ என்னைத் தெரியாமப் போகலை. தெரிஞ்சேதான் போனா. அப்படி ஒரு போலீஸ்!

அப்புறம் கமிஷனர் ஐயா இறங்கி வந்து கொம்பையாவுக்குக் கை குடுத்தாரு. வரிசை முழுக்க நடந்து வந்து என் முன்னால நின்னு, மீசையைப் பாத்துச் சிரிச்சாரு. "என்ன ஏட்டையா, முதல் போலீஸ்காரரே, ஏதாவது வேணுமா?"

கேட்டுட்டாரு! ரெண்டாவது தடவை. இந்தத் தடவை வாய் அதுவா 'இல்லை'ன்னு சொல்லலை. நீலான்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. பாத்தேன், அவ கொம்பையா கால்கிட்ட உக்காந்து, நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு, ஜெயிச்ச முகத்தோட கூட்டத்தைப் பாக்கா. இப்போ கேட்டா, அவ ஜெயிச்சதுக்கு நான் கூலி கேட்ட மாதிரி ஆயிரும். கைமாறின நாயை அன்னைக்கே பிடுங்கின மாதிரி ஆயிரும். ஆனா ஐயா நிக்காரு, ஏதாவது சொல்லணும்.

"குவார்ட்டர்ஸ்ல பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லைங்க ஐயா!"

மேடை வரைக்கும் கேட்டுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, ஐயாவும் சிரிச்சாரு. கூட்டத்துல ஆவுடை முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. சிரிச்சாளோ அழுதாளோ, தூரத்துல தெரியலை.

ஜனவரி 21, செவ்வாய்

கயல்பட்டி வண்டி காலையில கிளம்புச்சு. பழைய ஆளு நிக்கக் கூடாதுங்கறது முறை. நான் தண்ணித் தொட்டிக்குப் பின்னால நின்னேன். தொட்டி நிறைஞ்சிருக்கான்னு பாக்கப் போகலை, அவளைப் பாக்கத்தான் போனேன்.

வண்டி கேட்டுல நின்னுச்சு. கொம்பையா இறங்கி, தொட்டியைப் பாத்தே, யாருகிட்டயோ பேசுற மாதிரிச் சத்தமாச் சொன்னான். "இவளுக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீசு இருக்கு. முடிஞ்ச அன்னைக்கு, கடைசியாப் பாத்த ஏட்டுன்னு என்னைத்தான் கேப்பாங்க, நாயை யாருகிட்ட விடன்னு. வண்டி எங்க போய் நிக்கும்னு எனக்குத் தெரியும்வே! அதுவரைக்கும் பதக்கத்தைத் தொடைச்சு வையும்." ஏறிப் போயிட்டான். நீலா பின் கம்பி வழியா மூக்கை நீட்டிக் காத்தைப் பிடிச்சுக்கிட்டே போனா.

அழுதேன். எழுதி வைக்கிறேன்.

மத்தியானம் கமிஷனர் ஆபீஸ்ல இருந்து தச்சர் வந்து, பாத்ரூம் கதவுக்குப் பித்தளைத் தாழ்ப்பாள் போட்டுட்டுப் போனாரு. மாநகரக் காவல் வேகம்னா வேகம். ஆவுடை நாலு தடவை போட்டு எடுத்துப் பாத்தா. தலைப்பாகையில மிச்சம் இருந்த பூவுல வாடாததைப் பொறுக்கி, கட்டித் தலையில வெச்சிருக்கா. நல்லாத்தான் இருக்கு, ஏழு வருஷமா நான் பாக்கலை.

சாயங்காலம் பின்வாசல்ல நின்னுக்கிட்டு, "இந்தச் சாக்கை எடுத்துரட்டுமா?"ன்னு கேட்டா.

"கிடக்கட்டும். மாசத்துக்கு ஒரு தடவை வெயில்ல போட்டு எடு"ன்னேன்.